ஈரக்கை

திரும்பி வந்த பெட்டியைத் திறந்தது பெரியவள்தான். விடிந்ததிலிருந்து மழை நசநசவென்று விழுந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் பெட்டியைப் பட்டறை வாசலில் இறக்கிவைத்து, "கோட்டுக்கடை முதலாளி வெள்ளிக்கிழமை நேர்ல வர்றாராம், சொல்லச் சொன்னார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான். இங்கிருந்து போன சரக்கு இங்கேயே திரும்பி வந்திருக்கிறது என்றால் உள்ளே நல்ல சேதி இருக்காது. பெரியவள் மூடியை நெம்பி, மேலாக இருந்த கத்தரிக்கோலை எடுத்து விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏடி சின்னவளே, இங்க வா. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து பாரு."

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். கீழே பட்டறை, மேலே குடித்தனம். கோட்டுத் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல்தான் அவர்கள் தொழில். அண்ணன் உலையில் அலகுகளுக்குப் பதம் போடுவார். தம்பி சாணை பிடிப்பார். சின்னவள் இரண்டு அலகையும் ஜோடி சேர்ப்பாள். பெரியவள் எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி, பெட்டி கட்டுவாள். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளாத பட்டறை. "நாலு பேர், எட்டு கை, ஒரே வாய்" என்று தெருவில் கேலி பேசுவார்கள். அந்த ஒரே வாய் பெரியவளுடையது.

சின்னவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அலகின் உள்பக்கத்தில், முகம் தெரிகிற அளவுக்கு வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. வெறும் கறை இல்லை. சுழி சுழியாக, கோடு கோடாக, யாரோ உட்கார்ந்து மையால் வரைந்தது மாதிரி துரு. அடுத்ததை விரித்தார்கள். அதிலும் அதே விரல். அதற்கடுத்ததிலும் அதே விரல், அதே இடத்தில், திருகாணிக்கு ஒரு விரற்கடை கீழே.

அந்த இடத்தைக் கடைசியாகத் தொடுகிற விரல் யாருடையது என்று அந்த வீட்டில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜோடி சேர்ப்பது என்றால் திருகாணியை மாட்டி முறுக்குவது என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். நல்ல கத்தரிக்கோலின் அலகு இரண்டும் நேராக இருக்காது. ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக் கோபித்துக்கொண்டது போல லேசாக வளைந்திருக்கும். மூடும்போது அடியில் தொடங்கி நுனிவரைக்கும் ஒரே ஒரு புள்ளியில்தான் தொட்டுக்கொண்டே போக வேண்டும். வளைவு கூடினால் கை வலிக்கும். குறைந்தால் நுனியில் துணி மடங்கிக்கொண்டு மென்றுவிடும். அந்த வளைவைக் கண்ணால் பார்க்க முடியாது. சின்னவள் அலகின் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அடியிலிருந்து நுனிக்கு ஒரு இழுப்பு இழுப்பாள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரல் சொல்லிவிடும். மரச்சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி ஒரு இழுப்பு. பிறகு உள்பக்கத்தில் அதே கட்டைவிரலை ஊன்றிப் பிடித்துத் திருகாணி. பிறகு நனைத்த மெல்லிய பட்டுத்துண்டை நுனியில் கொடுத்து மூடிப் பார்ப்பாள். சத்தம் வராமல் வெட்டினால்தான் அடுத்த ஜோடியைத் தொடுவாள்.

அவள் சேர்த்த கத்தரிக்கோலை நுனியைப் பார்த்தே தையல்காரர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். "ஆமா, கண்டுபிடிப்பாங்க" என்று வேலையைப் பார்ப்பாள்.

அந்த விரல்தான் இப்போது பெட்டி முழுக்க விழுந்து கிடந்தது.

அண்ணன், அந்த வீட்டுக்குப் பெரியவர், வந்தார். உலையின் சூட்டில் முகம் சிவந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, பார்த்து, கீழே வைத்தார். கடைசி ஜோடி வரை பார்த்தார். பின்னால் சாணைச் சக்கரம் மெதுவாகச் சுற்றி நின்றது. தம்பியும் வந்து நின்றார்.

"வேர்வை," என்றார் பெரியவர்.

"மாமா, என் கை எப்பவும் வேர்க்கும்ங்க. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல."

அது உண்மைதான். சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை ஈரம். பரீட்சை எழுதினால் தாள் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்த மாப்பிள்ளை, "மழையில நனைஞ்சிட்டியா?" என்று கவலையாகக் கேட்டதை வீடே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். அந்த ஈரக் கையோடுதான் அவள் இத்தனை வருஷம் ஜோடி சேர்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் பெரியவர். அவர் 'தப்பா எடுத்துக்காத' என்று தொடங்கினால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். "கொஞ்ச நாளைக்கு நீ அக்காகூட பெட்டி கட்டு. கையுறை போட்டுக்க. ஜோடி சேர்க்கிறத நான் பாத்துக்கிறேன்."

"கையுறை போட்டுகிட்டே சேர்த்துப் பாக்கறேன் மாமா."

"சரி, பாரு."

பார்த்தாள். மெல்லிய ரப்பர் கையுறை, பெரியவள் பாத்திரம் கழுவ வாங்கி வைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அலகில் விரலை இழுத்தபோது, அடுத்த வீட்டில் யாரோ பேசுவதைச் சுவரில் காதை வைத்துக் கேட்பது போல இருந்தது. என்னவோ சொல்கிறது. என்னவென்று தெரியவில்லை. முதல் ஜோடி நுனியில் மென்றது. இரண்டாவதும் மென்றது. மூன்றாவதைச் சேர்க்காமல் கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டாள். உள்ளே தேங்கியிருந்த வேர்வை சொட்டியது.

"இதைப் போட்டுகிட்டு நான் சேர்க்க மாட்டேன். என் பேரைக் கெடுத்துக்க என்னால ஆகாது," என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, தானே போய்ப் பெட்டி கட்டும் அறையில் உட்கார்ந்தாள்.

அந்த அறை பெரியவரின் பெருமை. இந்தக் கோடையில்தான் கட்டி முடித்தார். அதற்கு முன்பெல்லாம் பெட்டி கட்டுவது உலைக்குப் பின்சுவரை ஒட்டிய பழைய மூலையில். கரி, புகை, புழுக்கம். வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். 'நம்ம சரக்குக்கு இது மரியாதையா?' என்று மனதுக்குள் வைத்திருந்து, கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் புதிதாக ஒரு அறை எழுப்பினார். தரையிலும் சுவரிலும் வெள்ளை ஓடு. ஒரு தூசி உள்ளே வரக்கூடாது என்று திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல். யார் வந்தாலும் முதலில் அந்த அறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே!" என்று அவர்கள் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார்.

சின்னவள் அந்த அறையில் வேலை பார்த்ததே இல்லை. இப்போது உட்கார்ந்து காகிதம் சுற்றினாள். காகிதம் மொடமொடப்பு இல்லாமல் துவண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்று, ஒன்று உருண்டு இன்னொன்றோடு சேர்ந்து கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அப்போது மனம் அதில் நிற்கவில்லை. அந்தப் பக்கம் பெரியவர் ஜோடி சேர்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. தட்டு, தட்டு, தட்டு. ஒரு அலகுக்கு எத்தனை தட்டு!

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெங்காயமும் முட்டையும் வதக்கி, பருப்பும் சோறும் வைத்திருந்தாள் பெரியவள். ஒரே வாய்க்கும் அன்றைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெரியவர் தட்டில் கையை வைத்தபடி, "நுனி கொஞ்சம் மக்கர் பண்ணுது," என்றார் பொதுவாக.

"கொஞ்சமா?" என்றார் தம்பி. "பட்டுத்துணிய ஆடு மேஞ்சாப்ல இருக்கு."

பெரியவள் புரையேறிச் சிரித்தாள். பெரியவர் முறைத்தார். சின்னவள் சிரிக்கவில்லை.

மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது புருஷன் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மழைக்கு எந்தத் துணியும் காயவில்லை. எல்லாம் சில்லென்று, பிசுபிசுவென்று இருந்தது.

"அண்ணன்கிட்ட நான் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க? அவ கை வேர்க்கலன்னா?"

"இல்ல... பாவம், விடுங்கன்னு..."

"பாவம்னு சொல்லி என்னை அந்த ஜோடி சேர்க்கிற பலகையில உக்கார வெக்கவேணாம். அதுக்கு நான் பெட்டியே கட்டிட்டுப் போறேன்." மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். என் கை போன வருஷமும் இதே கைதானே? அதுக்கு முந்தின வருஷமும் மழை பெஞ்சுது. அப்ப ஏன் ஒரு பெட்டியும் திரும்பி வரல?"

அவர் யோசித்தார். சாணைக்காரர் யோசிப்பதென்றால் நெற்றி, மூக்கு எல்லாம் சேர்ந்து யோசிக்கும். "அப்ப நான் சாணை பிடிச்சதுல ஏதாவது..."

"உங்க சாணையும் அதே சாணை. இரும்பும் அதே இரும்பு. என்ன மாறிச்சு?"

சொன்னவள் நின்றாள். கையிலிருந்த சட்டையை முகர்ந்து பார்த்தாள். ஈர வாடை. அந்த வெள்ளை அறையிலும் காலையில் இதே வாடைதான் இருந்தது.

இறங்கி நேராகப் பெரியவரிடம் போனாள். "மாமா, என் கைதான்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவ கண்ணால பாத்துருவோம். எல்லார் விரலும் வெச்சுப் பாப்போம்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

பெரியவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "வெச்சாத்தான் என்ன? உங்க விரல் என்ன வெள்ளியா? கொண்டாங்க!"

பாலிஷ் போட்ட பழைய அலகுகளைத் தம்பி ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துவந்தார். சின்னவள் அவற்றை இரண்டு வரிசையாக வைத்தாள். ஆளுக்கு ஒரு அலகு இந்த வரிசையில், ஒரு அலகு அந்த வரிசையில். ஒவ்வொருவரும் கட்டைவிரலை அழுத்தினார்கள். யாரும் தொடாத அலகு ஒன்றையும் துணியால் பிடித்து ஒவ்வொரு வரிசையிலும் சேர்த்து வைத்தாள். ஒரு வரிசை வெள்ளை அறை மேஜைக்குப் போயிற்று. இன்னொரு வரிசையை உலையின் பின்சுவரை ஒட்டிய பழைய அலமாரியில் வைத்தாள்.

"அங்க எதுக்கு?" என்றார் பெரியவர்.

"சும்மா இருக்கட்டும் மாமா."

அவர் அவளையே பார்த்தார். கெட்டிக்கார மனிதர். அவள் எங்கே போகிறாள் என்று அவருக்கு அப்போதே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உலைக்குத் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பேரும் வெள்ளை அறைக்குள் போனார்கள். மழை நிற்கவே இல்லை. சின்னவளின் அலகில் ரேகை பழுப்பாகப் பூத்திருந்தது, பெட்டியில் வந்தது போலவே. பெரியவருடையதில் மங்கலாகப் பாதி விரல். பெரியவளுடையதில் ஒரு நிழல். தம்பியுடையதில் ஒன்றுமில்லை.

"பாருங்க, என் புருஷன் கை!" என்றாள் சின்னவள். "உப்பில்லாத மனுஷன்."

"சாப்பாட்டுல மட்டும் கேக்கறான்," என்றாள் பெரியவள்.

பெரியவர் சிரிக்கவில்லை. யாரும் தொடாத அலகை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில், ஊசி குத்தினாற்போல, சின்னச் சின்னதாய்ப் பழுப்புப் புள்ளிகள். எந்த விரலும் படாத இரும்பு.

அலமாரிக்குப் போனார்கள். உலையின் சூடு சுவர் வழியாக வந்து அந்த மூலை எப்போதும் போலக் கதகதவென்று இருந்தது. சின்னவளின் அலகைப் பெரியவர் கையில் எடுத்தார். விரல் வைத்த இடம் வெறும் மூச்சுப் பட்டது போல மங்கியிருந்தது. துணியால் ஒரு துடை துடைத்தார். பளீரென்று அவர் முகமே தெரிந்தது. அந்த முகத்தை அவரே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னவள்தான் பேசினாள். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"துரு என் விரல்லதான் ஆரம்பிக்குது மாமா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா காத்துல ஈரம் இருந்தாத்தான் அது வளருது. இங்க இத்தன வருஷமா என் விரல் பட்டுச்சு, சுவத்துச் சூட்டுல காஞ்சு கிடந்துச்சு. அந்த ரூம்ல தொட்டிச் சுவரும் குளுந்து கிடக்கு, காத்தும் வெளிய போகல. நாம அது மேலயே எண்ணெயத் தடவி, ஈரக் காகிதத்தச் சுத்தி, மூடி அனுப்பிட்டோம்."

பெரியவள் வாயில் கையை வைத்தாள். "ஐயோ, நான் வேற..."

"நீ என்ன?" என்றார் பெரியவர்.

"தினமும் சாயங்காலம் ஒரு வாளித் தண்ணிய ஊத்தி அந்த வெள்ளைத் தரைய அலம்பி விட்டுட்டுக் கதவச் சாத்துவேன். பளிச்சுனு இருக்கணுமே! நீங்கதான் ஆள் வர வர கூட்டிட்டுப் போய்க் காட்டறீங்களே!"

தம்பி சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். பெரியவளும் சேர்ந்துகொண்டாள். பெரியவர் மட்டும் அலகை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று சின்னவள் அவர் போன வழியையே பார்த்தாள். அந்த அறைக்கு அவரே தலையில் மணல் சுமந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளை ஓடு ஒவ்வொன்றையும் அவரே மட்டம் பார்த்துப் பதித்தார். சொல்லாமலே விட்டிருக்கலாமோ? இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பலகையில் இனி எந்த முகத்தோடு உட்காருவது?

கொல்லைப்பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் பெட்டி கட்டும் மேஜையைத் தனியாளாக இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மழையில் தலை நனைந்து, மீசை தொங்கிப்போயிருந்தது.

"வேடிக்கையா பாக்கறீங்க? ஒரு பக்கம் பிடிங்கடா!"

இருந்தது ஒரே தம்பிதான். ஆனாலும் 'பிடிங்கடா' என்றுதான் சொன்னார். மூன்று பேருமே ஓடிப்போய்ப் பிடித்தார்கள். மேஜை பழைய மூலைக்கு வந்தது. பெரியவள் காகிதக் கட்டுகளை உலைச் சுவரில் சாய்த்துக் காயவைத்தாள். பெட்டி கட்டும் முன்னால் ஒவ்வொரு ஜோடியின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட்டில் துடைத்த பிறகுதான் எண்ணெய் என்று சின்னவள் சொன்னாள். பெரியவர் தலையாட்டினார்.

கோட்டுக்கடைக்காரர் மத்தியானம் வந்தார். ஒல்லியான, கறாரான மனிதர். குடையை வாசலில் மடக்கி, நீர் வடியும்வரை நின்று, பிறகுதான் உள்ளே வந்தார். வழக்கம்போலக் கால் தானாக வெள்ளை அறைப் பக்கம் திரும்பியது.

"அங்க இல்லண்ணே, இப்படி வாங்க," என்று பெரியவர் உலைப்பக்கம் கூட்டிப்போனார். கரி மூலையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பெரியவள் டீ கொண்டுவந்தாள்.

சின்னவள் தூணோரம் நின்றாள். இந்த மனிதரிடம் பெரியவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவளுக்கு முக்கியமாக இருந்தது. மழை மேல் பழி போடலாம். வண்டிக்காரன் நனைத்துவிட்டான் என்று சொல்லலாம். 'புது ஆள் ஒண்ணு கை வெச்சிருச்சு' என்று சொல்லித் தப்பிக்கலாம். வியாபாரத்தில் எல்லாரும் சொல்வதுதான்.

பெரியவர் சொன்னார்: "அண்ணே, பெட்டிய நான் தப்பான எடத்துல கட்டினேன். ரூம் அழகா இருக்குன்னு பாத்தேனே தவிர, ஈரமா இருக்குன்னு பாக்கல. அத்தனையும் என் பொறுப்பு. மறுபடி பாலிஷ் போட்டுத் தர்றோம்."

"அந்தக் கைரேகை யாரோடது?"

"எங்க வீட்டுக் கைதான்." பெரியவர் திரும்பிச் சின்னவளைக் காட்டினார். "இவங்க. தம்பி சம்சாரம். ஜோடி சேர்க்கறது இவங்கதான்."

"ம்... கையை மாத்திருவீங்களா?"

"ரூமை மாத்திட்டோம்ண்ணே. கையை மாத்த மாட்டோம்."

சின்னவள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் டீயை உறிஞ்சினார். பிறகு கோட்டுப் பையில் கையை விட்டபடி, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "நான் கேக்க வந்ததும் அதுதான். திருப்பி அனுப்பின பெட்டில சில ஜோடி குறையும், பாத்திருப்பீங்க. வெட்டறவங்க நாலஞ்சு பேர் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. துரு இருந்தா என்ன, நாங்களே தேய்ச்சுக்கிறோம், இந்த நுனி வேற எங்க கிடைக்கும்ங்கறாங்க. நான் சத்தம் போட்டும் பாத்தேன். ஒருத்தர் மேஜைக்கடியில ஒளிச்சு வெச்சிருக்கார். எங்க கடையிலயே ரொம்ப மூத்த ஆளு!"

பெரியவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாணைக்காரர் எந்த வேலையும் இல்லாமல் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது பாட்டுக்கு கிர்ரென்று சுற்றியது.

சின்னவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அண்ணே, அவங்களச் சொந்தமாத் தேய்க்க விடாதீங்க. உள்பக்கம் தேய்ச்சா வளைவு போயிடும். கொண்டு வரச் சொல்லுங்க, நானே துருவ எடுத்துத் தர்றேன். அன்னிக்கே வாங்கிட்டுப் போயிடலாம்."

"குடுக்க மாட்டாங்கம்மா. திரும்பி வராதோன்னு பயப்படறாங்க."

"அப்ப நானே கடைக்கு வர்றேன்."

"வாங்க," என்றார் அவர். இவ்வளவு நேரம் ஸ்டூலை விட்டு அசையாத மனிதர் எழுந்து நின்று சொன்னார். "அவங்களும் உங்களப் பாக்கணும்னுவாங்க."

அவர் போனதும் சின்னவள் தன் பலகையில் போய் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. மேஜையில் பெரியவர் சேர்த்த ஜோடிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் புது அலகு எடுக்கப்போனாள். பெரியவர் வந்து நின்றார். ஒதுக்கியவற்றைத் தானே எடுத்து அவள் முன்னால் தள்ளி வைத்தார்.

"இதையும் கொஞ்சம் பாரும்மா."

அவள் முதல் ஜோடியின் திருகாணியைக் கழற்றினாள். அலகைத் திருப்பி, ஈரக் கட்டைவிரலை அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை இழுத்தாள்.

"பரவால்ல மாமா. வளைவு மட்டும் கொஞ்சம் பத்தல."

"கொஞ்சமா?"

"பத்தவே இல்ல," என்றாள் சின்னவள், சுத்தியை எடுத்துக்கொண்டே.

பெரியவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மழை ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் அந்த மூலையில் ஒரே ஒரு தட்டு, கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரே ஒரு தட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தது.